தண்ணீர் சிவந்தால் முதல் இலை

அக்கா,

தண்ணீர் மொள்ளும் உங்கள் அலுமினியப் போசி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. விளிம்பில் ஒரு கிழிசல். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு முறை கழுவினேன். விரலை விட்டுத் தேய்த்தால் அடியில் இன்னும் செம்மண் ஒட்டுகிறது. மூன்றாம் முறை கழுவவில்லை.

நாற்பது வருடம் செய்தி எழுதினேன். பெயரோ ஊரோ நேரமோ தவறிவிட்டால் மறுநாளே திருத்தம் போட்டுவிடுவேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் போடாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். அது உங்களைப் பற்றியது. இனி பத்திரிகையில் எனக்கு இடம் கிடையாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதல்முறை உங்கள் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? மழையில் ஒரு வளைவில் மண் சரிந்திருந்தது. அதைப் பற்றி எழுத நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் பசித்துவிட்டது. சோளக்காட்டில் இறங்கியதும் மிளகு இடிக்கும் வாசனை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை, தகரப் பலகை, அதில் வெள்ளைப் பெயின்டில் ஒரே சொல்: துண்டுக்கறி. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய வெள்ளாட்டுக் கறி, இடித்த மிளகு, உப்பு, சாமைச் சோறு. வேறு எதுவும் கிடையாது. குழம்பு கேட்டவர்களிடம், அது அவரவர் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவீர்கள்.

வாசலில் ஒரு தண்ணீர் டிரம். அதன் பக்கத்தில் போசியும் கையுமாக நீங்கள். உள்ளே போக வேண்டுமானால் காலை நீட்ட வேண்டும். நீங்களே தண்ணீர் ஊற்றுவீர்கள். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டு நானும் நீட்டினேன். கல்லில் வழிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தீர்கள்.

"பஸ்ஸுங்களா? உள்ள போய் உக்காருங்க. ரெண்டாவது இலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலா மரப் பலகையில் அடித்த நீள பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் முறை தெரிந்தது. நடந்து வந்தவர் காலில் ஊற்றினால் தண்ணீர் சிவப்பாக ஓடும். அவர்களுக்கு முதல் இலை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு இரண்டாவது. கார்க்காரர்களுக்குக் கடைசி. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவர் என்ற கணக்கே இல்லை. நான் வந்து அரை மணி கழித்து, சந்தைக்கு மிளகு மூட்டையோடு திண்ணனூர் நாட்டு மலைக்கிராமங்கள் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பெயர் பெரியசாமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் காலில் வழிந்த தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல் இருந்தது. சட்டியின் மூடி அப்போதுதான் திறந்தது. என் எதிரிலேயே அவர் இலையில் பெரிய துண்டு விழுந்தது. பசியில் எனக்குக் கோபமே வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாமக்கல்லுல இருந்து நடந்திருந்தா உங்களுக்குத்தானுங்க மொத இலை" என்றார். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வந்தேன். மலைக்குச் செய்தி இல்லாத வாரங்களில்கூட ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். ஒருமுறைகூட இரண்டாவது இலையைத் தாண்டவில்லை. காலை நீட்டும்போதெல்லாம், "பேப்பர்காரரே, இது பஸ்ஸு காலு, எத்தனை தரம் ஊத்துனாலும் செவக்காது" என்பீர்கள்.

இனி அந்தத் தவறு.

ஞாயிறு இதழுக்கு உங்கள் கடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. கறியை எழுதினேன், போசியை எழுதினேன், முதல் இலையை எழுதினேன். நடந்து வரும் ஏழைக் குடியானவர்கள்மேல் இந்தப் பெண்மணி காட்டும் கருணை என்று முடித்தேன். தலைப்பிலும் அந்தச் சொல்தான் வந்தது.

அடுத்த மாதம் கார்கள் கூட்டமாக வரத் தொடங்கின. சேலம், ஈரோடு, பெங்களூர் வண்டிகள். படித்துவிட்டு வந்தவர்கள் சும்மா வருவார்களா? காரைக் கீழ் வளைவில் நிறுத்திவிட்டு, ரோட்டோரச் செம்மண்ணைக் காலில் பூசிக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒரு குடும்பம், குழந்தை உட்பட, அப்படியே வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது. நீங்கள் வழிவிடவே இல்லை.

"மண்ணு நம்ம ஊரு மண்ணுதானுங்க. காலு நம்ம ஊரு காலு இல்லீங்களே. குதிகாலுல ஒரு வெடிப்பு காணோம்."

குழந்தையின் அப்பாவே சிரித்துவிட்டார். குழந்தைக்கு மட்டும், "நீ வா கண்ணு, நீ நெசமா நடந்துதான் வந்திருக்கறே, உன்ற காலு சொல்லுது" என்று முதல் இலை போட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் கடைசி இலைக்குக் காத்திருந்தார்கள். அதையும் ஒரு வேடிக்கைச் செய்தியாக நான் குறித்துக்கொண்டேன். நடந்துகொண்டிருப்பது என்ன என்று எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரோட்டோரம் கார்கள் வரிசையாக நின்றன. பெஞ்சு நிரம்பி, வெளியிலும் ஆட்கள். மணி ஒன்றரை ஆகியும் சட்டி திறக்கவில்லை. நடந்து வந்த கால் ஒன்றுகூட அன்று வாசல் ஏறவில்லை. நீங்கள் டிரம் பக்கத்தில் போசியோடு நின்றுகொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெயில் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த ஒருவர் பொறுமையிழந்து, கறி வெந்துவிட்டதா இல்லையா என்று கேட்டார்.

"வெந்துருச்சுங்க. ஆளுதான் வரலைங்க."

"அப்ப நாங்க ஆளு இல்லையா?"

"நீங்க மூணாவது ஆளுங்க."

அவர் எழுந்து போனார். கூடவே இன்னும் இரண்டு கார் ஆட்களும் போனார்கள். நான் காற்று வாங்க வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் பலா மரத்தடியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். கூட இன்னும் நாலு பேர். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் போசியோடேயே ரோட்டைக் கடந்தீர்கள்.

"ஏன் இங்க நிக்கறே?"

"ஒரே காரா இருக்குதுக்கா. நமக்கு எடமிருக்குமோ என்னமோன்னு..."

"கடை ஆருதுடா?"

நீங்கள் அவர் மூட்டையைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தீர்கள். மூட்டை போனால் ஆள் பின்னால் வந்துதானே ஆக வேண்டும். ஐந்து பேரும் வந்தார்கள். ஐந்து பேர் காலிலும் ஊற்றினீர்கள். சட்டி திறந்தது.

சாயங்காலப் பஸ்ஸுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டீர்கள். கையில் என் கட்டுரை, எண்ணெய்க் கறையோடு. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"கருணைன்னு போட்டிருக்கறீங்க. நான் எப்பங்க கருணை பண்ணுனேன்? நடந்து வர்றவங்களுக்குப் பசி. வண்டில வர்றவங்களுக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டும் ஒண்ணுங்களா? பசிக்கு மொதல்ல போடறது மொறை. அதப் போயி கருணைன்னு எழுதி, அவங்கள ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிக்க வெச்சுப்போட்டீங்க."

அவ்வளவுதான். கத்தவில்லை. போகும்போது எப்போதும்போல் ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தீர்கள். பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கும்வரை அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன். திருத்தம் எழுத நினைத்தேன். எந்தச் செய்தியாசிரியர் கருணை என்ற சொல்லுக்குத் திருத்தம் போடுவார்? நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கார்கள் ஓரிரு வருடத்தில் வேறு இடம் தேடிப் போயின. கடை போகவில்லை. நீங்கள் கீழே விழுந்து கண்மூடிய அன்று காலையிலும் சட்டி அடுப்பில் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்; காரணம் இருக்கிறது.

இந்த வருடம் உங்கள் மகள் எனக்குப் போன் செய்தாள். அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தீர்களே, இப்போது அங்கேதான் இருக்கிறாள். மலைமேல் புதிதாக விடுதி கட்டியிருக்கும் ஒருவர் வருகிறார், கடையின் பெயரையும் அந்தத் தகரப் பலகையையும் கேட்கிறார், நீங்கள் கூட இருங்கள் மாமா என்றாள். போனேன். மரியாதையான மனிதர்தான். என் பழைய கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். உணவகச் சுவரில் மாட்டுவாராம். இன்னொரு கட்டுரையும் நான் எழுதித் தர வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: "வர்ற ஆளுங்களைக் காக்க வெச்சா எந்தக் கடை சார் நிக்கும்? அதனாலதான் அழிஞ்சு போச்சு."

இல்லை என்றேன். அக்கா இறந்துபோனார், கடை தோற்கவில்லை, இரண்டும் வேறு வேறு செய்தி என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் மகள் என் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நடந்து வர்றவங்களுக்கு மொத இலை போடுவீங்களாங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறாராம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து உணவகம்வரை செம்மண் கொட்டி ஒரு நடைபாதை. விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வருவார்கள். வாசலில் காலுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெண். முதலில் வருபவருக்கு முதல் இலை.

"சந்தைக்கு மூட்டையோட நடந்து வர்றவங்க?"

அவர்களுக்குப் பின்பக்கம் தனியாக ஏதாவது செய்யலாம் என்றார்.

உங்கள் மகள் எழுந்து நின்றாள். அவளுக்கு அந்தப் பலகையால் ஒரு வசதி வந்திருக்கும். பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் அவள் இல்லை. "எங்கம்மா கடை இடிஞ்சே கெடக்கட்டுங்க" என்றாள். "கருணை வேண்டாமுங்க." கண்ணாடிச் சட்டத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் தாளை உருவிக் கிழித்தேன். நான் எழுதியதைக் கிழிக்க எனக்கு உரிமை உண்டு.

அடுத்த சந்தை நாளில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் சோளக்காடு போனோம். அவள் மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. உள்ளே கறி. விடியற்காலையில் எழுந்து செய்திருக்கிறாள், உங்கள் அளவு துண்டு, உங்கள் மிளகு.

கடை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் மழுப்பினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அடுப்படிப் பக்கம் கூரை விழுந்துவிட்டது. அடுப்புக்குள் கரையான் புற்று முழங்கால் உயரம். ஜன்னல் கம்பியில் மிளகுக் கொடி ஏறி உள்ளே வந்திருக்கிறது. பெஞ்சின் ஒரு கால் போய், அங்கே கல் வைத்திருக்கிறார்கள்.

வைத்திருக்கிறார்கள் என்றேன். ஆமாம். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். சந்தைக்கு நடந்து வருபவர்கள் இத்தனை வருடமும் அங்கேதான் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுகிறார்களாம். டிரம்மில் கூரைத் தண்ணீர் நிறைந்திருந்தது. அதன்மேல் இந்தப் போசி. கீழே கல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. நாங்கள் யாரும் எதையும் காப்பாற்றப் போகவில்லை, அக்கா. அது அங்கேயே நடந்துகொண்டிருந்தது.

பெரியசாமிக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. இப்போது மூட்டை சிறியது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து போசியை எடுத்தார். உங்கள் மகள் காலில் ஊற்றினார். என் காலில் ஊற்றினார். குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் பஸ்ஸு. சித்த இருங்க."

"கறி கொண்டாந்தவளுக்கே ரெண்டாவது இலைங்களா மாமா?" என்றாள் உங்கள் மகள்.

"கறி உன்றது சாமி. மொறை உங்கம்மாளுது."

பின்பக்க வாழையிலிருந்து இலை நறுக்கி வந்தார்கள். நடந்து வந்த ஒன்பது பேருக்கு முதலில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பரிமாறினாள். பிறகு நாங்கள் இருவரும் சுவர் ஓரம் நின்று காத்திருந்தோம். மிளகு மூக்கில் ஏறியது. முதல்முறை வந்த அன்று இருந்த அதே பசி.

கிளம்பும்போது பெரியசாமி போசியை என் கையில் கொடுத்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த சந்தைக்கு வரச் சொன்னார். ஒரு வளைவு முன்னால் இறங்கி நடந்து வரட்டுமா, முதல் இலை கிடைக்குமா என்று கேட்டேன். என் குதிகாலை ஒருமுறை பார்த்துவிட்டு, "எறங்கறது உங்க இஷ்டமுங்க" என்றார்.

நாளைக்கு ஒட்டுப் போடக் கொடுக்கிறேன். சந்தைக்குப் பஸ்ஸில்தான் வருவேன். வாசலில் காலை நீட்டுவேன். தண்ணீர் வெள்ளையாக ஓடும். நடந்து வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் சுவர் ஓரம் நிற்பேன்.