இரண்டு பாஸும் இரண்டு டப்பா இட்லியும்

தாராவி
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள மகன் செல்வத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லாரும் நலம், மஸ்கட் வெயிலில் உன் உடம்பும் நலமாக இருக்க இசக்கியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது என்னத்துக்குக் காகிதம் என்று நினைப்பாய். இந்த ஒற்றை அறையில் நான் உன்னோடு பேசினால் மாலதி காதில் விழாமல் இருக்காது, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அதீபாவின் கொழுந்தன் சிராஜ் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். நீ தமிழ் ஸ்கூலில் படித்தவன், வாசித்துவிடுவாய். உன் தங்கச்சியை இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டோம், அவளுக்குக் கடை போர்டு தவிர தமிழ் எழுத்து ஓடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறாள். என்னம்மா எழுதுற என்று கேட்டாள், அண்ணனுக்குப் பொடி இடிக்கும் பக்குவம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. விடிகாலையில் இட்லி டப்பாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் போய் விற்றுவிட்டு வருவதை மட்டும் நிறுத்தவில்லை, டாக்டர் சொன்ன மாத்திரையைத்தான் நிறுத்திவிட்டார். நீ போனில் நாலு வார்த்தை கண்டித்துச் சொல். தாராவியை இடித்துக் கட்டுவதற்கான சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இனி மாலதியின் ஆட்டத்துக்கு வருகிறேன். நீ இரண்டு தடவை கேட்டாய், நன்றாக நடந்தது என்று போனில் சொன்னேன். அது உன் அப்பாவிடம் சொன்ன பொய், அதையே உனக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வசுதா மேடம் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மாட்டுங்கா ஹாலில் நடக்கிற பாட்டும் ஆட்டமும் தாராவிப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும், கலை எல்லாருக்கும் சொந்தம் என்று அரை மணி நேரம் பேசினார், நம் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார், என்னோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். எனக்கு இஷ்டமில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கப்போகிற பிள்ளை காலைத் தட்டிக்கொண்டு நிற்கவா என்றேன். நீதான் போனில், “அவளாவது உள்ள போவட்டும்மா” என்று சொன்னாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன். உன் அப்பா இருபது வருஷமாக அந்த ஹால் வாசலைத் தாண்டி சைக்கிளில் போகிறார், உள்ளே என்ன நிறத்தில் சுவர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு முதல் மேடை. வீட்டுக்கு இரண்டு பாஸ் கொடுத்தார்கள், குடும்ப விருந்தினர் என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாக மாலதியே வாசித்துச் சொன்னாள். உன் அப்பா தன் பாஸை அதீபாவுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைக்குச் சடை தைத்துப் பூ வைத்துவிட்டவள் அவள்தான், அவள்தான் பார்க்க வேண்டும், எனக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்றார். சரி, நம் பிள்ளைக்கு ஒரு விசேஷம், வெறுங்கையை வீசிக்கொண்டா போவது? சடங்கு வைத்தால் சீர்த்தட்டு எடுத்துப் போகாமல் இருப்போமா? கூட ஆடுகிற பிள்ளைகள், டீச்சர், வந்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கு நாலு வாய் சாப்பிடட்டும் என்று நானும் அதீபாவும் காலையிலிருந்து அவித்தோம். இரண்டு பெரிய டப்பா இட்லி, ஒரு வாளி சட்னி. நான் உன் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். உன் அப்பா டப்பாக்களை சைக்கிளில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அய்யா. வாட்ச்மேன் டப்பாவைப் பார்த்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. “கேட்டரிங்வாலே பீச்சே ஸே”, சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் பின்பக்கமாகப் போகணும் என்று கையைக் காட்டினான். எனக்கு அப்போது ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. நம் கல்யாண வீட்டிலும் கொண்டுபோனதைப் பந்திப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுத்தானே சபையில் வந்து உட்காருகிறோம், அப்படித்தான் இங்கேயும் என்று நினைத்தேன். பின்னால் ஒரு நீள அறை. இடைவேளைக்குச் சொல்லியிருந்த சமோசா வரவில்லை என்று அங்கே ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் குல்லாவைக் கொடுத்துத் தலையில் மாட்டச் சொன்னார், கையுறை கொடுத்தார், இருநூறு தட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். வசுதா மேடமும் ஓடிவந்தார். இட்லி அருமை, சீக்கிரம் வையுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்த மனுஷி, என்னைத் தெரியவில்லை. நான் பாஸை எடுத்துக் காட்டியிருக்கலாம். மேடம், நான் மாலதியின் அம்மா என்று சொல்லியிருக்கலாம். கையுறையை மாட்டிக்கொண்டேன். அதீபாவிடம் நீயாவது போய்ப் பார் என்றேன், “நீ பாக்காத ஆட்டத்த நான் பாத்து என்ன செய்ய?” என்று அவளும் ஒரு குல்லாவை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் உன் அப்பா பெயரையும் சேர்த்து மாலதி பூலோகம் என்று பெயர் சொன்னார்கள். நடுவில் ஒரு சுவர்தான். அவள் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. எந்த இடத்தில் குதிக்கிறாள், எந்த இடத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், இந்த அறையில் என் காலடியில்தானே பழகினாள். கை தட்டினார்கள், நிறையத் தட்டினார்கள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இடைவேளையில் எல்லாரும் தட்டு வாங்க வரிசையாக வந்தார்கள். செம்பூரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், அவர்தான் சிறப்பு விருந்தினராம், நம் மாலதியின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல தமிழ் பேசினார், நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். என் முன்னால் நின்றுகொண்டு, “உங்க அம்மா அப்பா வந்திருக்காளா, கொழந்தே?” என்று கேட்டார். மாலதி என்னைப் பார்த்தாள். பட்டுச்சேலை, குல்லா, கையுறை, கையில் சட்னிக் கரண்டி. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், செல்வம். அவள் என்ன சொல்லுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, என் வாய் முந்திக்கொண்டது. “அவுக வேலைக்குப் போயிருக்காகம்மா, வர முடியல” என்று நானே சொன்னேன். அந்த அம்மாள் பாவம் என்று அவள் தலையைத் தடவினார். மாலதி இல்லை என்று சொல்லவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, “தேங்க்யூ ஆன்ட்டி” என்றாள்.

வரும் வழியெல்லாம் அதீபா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவள் திட்டினது எனக்கு இதமாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டவர்கள்மேலா, வாசலில் பின்பக்கம் காட்டினவன்மேலா, பெற்ற பிள்ளைமேலா, என்மேலேயா? எல்லார்மேலும் இருக்கிறது, உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. அவளாவது உள்ளே போகட்டும் என்றாயே, போய்விட்டாள் அய்யா. வீட்டுக்கு வந்து மாலதி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாளாக அவள் சொல்லாமலே பாத்திரம் கழுவி வைக்கிறாள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உன் அப்பா, எம்மவ மேடையில ஆடுனா என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நேற்று வசுதா மேடம் போன் செய்தார். அடுத்த மாசம் புனேயில் ஆடுவதற்கு மாலதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் பேச்சு முடிந்து ஒரு மணி நேரத்தில் மறுபடியும் போன், இந்தத் தடவை டப்பாவில் எழுதியிருக்கும் நம்பருக்கு. அன்றைக்கு வந்த இட்லிக்கார அம்மாதானே, அடுத்த நிகழ்ச்சிக்கும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். இரண்டு போனையும் எடுத்தது ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை. இட்லிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். மேடம் கொடுத்தனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ அவளிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, என்மேல் ஆணை. வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. சிராஜுக்கு அங்கே ஆள் பழக்கம் இல்லை, தம்பி மாதிரி பார்த்துக்கொள். நீ நல்ல ஆயுசோடு, தலை நிமிர்ந்து, எந்த வாசலிலும் முன்பக்கமாகவே நுழைய அம்மாவின் ஆசீர்வாதம்.

ஒன்று மறக்காதே. மாலதி ஆடின வீடியோவை அவர்கள் அனுப்பியிருக்கிறார்கள், உனக்கும் வரும். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார். பெயர் சொல்லி அவள் முதல் அடி எடுத்து வைக்கும்போது, பின்னால் டப்பா மூடி ஒன்று கீழே விழும் சத்தம் கேட்கும். அது என் கையிலிருந்து விழுந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

இப்படிக்கு,
உனக்கும் மாலதிக்கும் அம்மா,
பூ. முத்துமாரி