பொட்டின் அடியில் துரு

அக்கா,

அன்று என் கையிலிருந்த ஈரத்துணியை ஏன் வாங்கிக்கொண்டீர்கள்? வண்டியின் பொட்டை யாரும் தொடக் கூடாது என்று வருடக்கணக்காக அடம் பிடித்தவர் நீங்கள். கடைசியில் அதை அழித்ததும் நீங்கள்தான். இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் மனம் வரவில்லை.

இன்று காலை, சிரம்பானை அடுத்த ராசாவில், எங்கள் தெருமுனையில், டாக்சிக்காரர் ஒருவர் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலை நாராகக் காய்ந்து இன்னும் கம்பியில் தொங்கியது. பானெட்டில் வைத்த சந்தனம் வெடித்திருந்தது. அதைச் சுற்றிப் பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளங்களாக எழும்பியிருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளிருந்து செம்மண்போல் பொடி உதிர்ந்தது. ஈர இரும்பின் வாசனை வந்தது. டாக்சிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையை ஒட்டிய நம் ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது, வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம் முற்றியிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பட்டம் வாங்கியவள் எதற்காகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள் என்று எல்லாரும் கேட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ், எல்லாருக்கும் மிஸ்ஸியான நீங்கள் மட்டும் கேட்கவில்லை. “சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்றீர்கள். அதனால்தான் உங்களோடு பேசத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் படுக்கும்படி பலகை போட்டிருந்தார்கள். சிரமமான பிரசவம் என்றால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டுபோவீர்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் பாதையில் வண்டிகளைச் சுட்ட காலம் அது. போலீஸ் காவலோடு, எல்லா வண்டிகளும் வரிசையாகத்தான் போக வேண்டும்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தக் காரை நீங்கள் மணப்பெண்ணாக்கிவிடுவீர்கள். பானெட்டின் நடுவில் ஒன்று, முன் மட்கார்டுகள் இரண்டிலும் ஒவ்வொன்று என்று சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு. டிரைவர் முனியனின் மனைவிதான் வைப்பாள். நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, “இன்னும் பெருசா வையிடி, துரை கண்ணுலேயும் படட்டும்” என்பீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன உங்கள் கணவர் திரும்பவில்லை. இனி வரமாட்டார் என்று முடிவுசெய்து, லயத்துப் பெண்கள் ஒருநாள் கூடி உங்கள் பொட்டை அழித்தார்களாம். இதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வண்டிக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும் என்பது உங்கள் சட்டம். மாலையையும் அவிழ்க்கக் கூடாது. நம் மழையில் அது எப்படி உதிரும்? மாலைக் கம்பி பெயிண்டைக் கீறியது. அழுகிய பூவும் சந்தனமும் ஈரத்தைப் பிடித்துவைத்தன. அடுத்த ஆண்டு பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறியது. ஒருநாள் நான் பார்த்தபோது கம்பி உரசிய இடமெல்லாம் கோடாகத் துருப்பிடித்திருந்தது. கதவுகளின் அடிவிளிம்பில், சேறு தங்கிய இடத்தில், பெயிண்ட் எழும்பியிருந்தது. சொன்னேன். “வயசானா யாருக்குத்தான் தோல் சுருங்கல்லே?” என்று சிரித்தீர்கள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. முந்திய வாரம் வேறொரு தோட்டத்து லோரி ஏற்றத்தில் நின்றுபோய், பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் துப்பாக்கிச் சூட்டில் மாட்டிக்கொண்டிருந்தன. நம் தோட்ட மேனேஜர், வெள்ளைக்காரத் துரை, எல்லா வண்டிகளையும் பார்வையிட வந்தார். தம் கைத்தடியால் மட்கார்டைக் குத்தினார். ஒரு செதில் விழுந்தது.

“இந்த வண்டி நல்லா இல்லே. ஒரு வண்டி நிக்கும், எல்லா ஆளும் சாவான்” என்றார் அவருடைய தமிழில்.

மட்கார்டில் உள்ள துருவுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே இப்படி என்றால் உள்ளே எப்படியிருக்கும் என்று கேட்டார். பொட்டுகளைக் காட்டி, “திங்கக்கிழமை காலை பேர் கூப்பிடும்போது பெரட்டிலே வருவேன். முதல்லே இதுக்குக் கீழேதான் பார்ப்பேன். ஓட்டை இருந்தா பழைய இரும்பு” என்றார்.

“அப்போ பிள்ளைத்தாச்சிங்க எப்படிப் போறது, துரை?” என்றீர்கள்.

“லோரியிலே.”

நீங்கள் கூட்டத்தில் நின்ற அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தீர்கள். நிறைமாதக்காரி. முந்திய பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிது. அடுத்தது சிரம்பானில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மலைப்பாதையில், லோரியின் திறந்த பலகையில், ரப்பர் பால் டின்களுக்கு நடுவில் அவள் எப்படிப் போவாள்?

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாம் இருவரும் தொடங்கினோம். கதவு விளிம்பிலும் மாலைக் கம்பியின் கோட்டிலும், வீட்டு விளக்கைத் தேய்ப்பதுபோல் நீங்கள் புளி போட்டுத் தேய்த்தீர்கள். உண்மையிலேயே துரு போய் இரும்பு பளபளத்தது. எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? கழுவி, அப்படியே விட்டுவிட்டுப் போனோம்.

ஞாயிறு காலையில் அத்தனை இடமும் ஆரஞ்சு நிறத்தில் நின்றது.

“நேத்து விளக்கு மாதிரி இருந்துச்சே!” என்றீர்கள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். “மிஸ்ஸி, அந்தப் புளியிலே ரசம் வச்சிருந்தா எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கிடைச்சிருக்கும்லா.”

“உங்களுக்குத்தான் முதல் வாய், கிராணி. ரசத்துலே இல்லே, துருவுலே” என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தேய்த்த இரும்பு ஈரக் காற்றில் ஓர் இரவு திறந்து கிடந்தால் மீண்டும் துருப்பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேய்த்த கையோடு காயவைத்து, உடனே பெயிண்டால் மூட வேண்டும். மழைமாதத்தில் காய்ந்த இடத்துக்கு எங்கே போவது என்றேன்.

“பிறந்த பிள்ளைங்க துணியெல்லாம் நான் எங்க காயப் போடுறேன்னு நெனச்சீங்க?” என்றீர்கள்.

ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்தின் பின்சுவர். புகை முன்பக்கமாகப் போய்விடும். உள்ளே நெருப்பு எரிவதால் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். மேலே அகலமான கூரை இறக்கம். அங்கே கொடியில் தொங்கிய குழந்தைத் துணிகளை நீங்கள் அவசரமாக எடுத்தீர்கள். முனியன் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினான்.

அன்று நாம் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் தோள் நிமிர்கிறது. கம்பி பிரஷால் செதிலை எடுத்தோம். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். பழைய பெயிண்ட் முடியும் விளிம்பில் படி தெரியாதபடி சரிவாகத் தேய்த்து, நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் தட்டினால் மறுபடி தேய்த்தோம். பிறகு பள்ளிக்கூடத்துக் கவராயத்தின் முனையால் ஒவ்வோர் இடத்தையும் அழுத்தினேன். முனை உள்ளே போனால் இரும்பு உளுத்துவிட்டது. நின்றால் துரு தோலோடு சரி. கதவுகளில் நின்றது. கம்பிக் கோட்டிலும் நின்றது.

மூன்று பொட்டுகள் மிச்சம். நான் துணியை நனைத்தேன்.

“டீச்சர், வேணாம். அதைச் சுத்தித் தேய்ச்சாப் போதும்.”

“துரை அதுக்குக் கீழேதான் பார்ப்பேன்னு சொன்னாரே, அக்கா.”

“பார்க்கட்டும். அவர் அழிச்சா அவர் பாவம்.”

“ஓட்டை இருந்தா அஞ்சலை லோரியிலே போவா. யார் பாவம் அது?”

நான் பானெட்டை நோக்கிக் கையை நீட்டினேன். அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். “குடுங்க. நானே எடுக்கிறேன்.” அஞ்சலைக்காகவா, வண்டிக்காகவா, இன்னொரு பொட்டு இன்னொருத்தி கையால் அழியக் கூடாது என்பதற்காகவா? காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தீர்கள். சந்தனம் கரைந்து பானெட்டில் மஞ்சளாக வழிந்தது. அடியில் பெயிண்ட் இல்லை. வெற்றிலை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாகத் துரு.

கவராயத்தை வைத்தேன். கொஞ்சம் இறங்கியது. பிறகு ‘கிரீச்’ என்று நின்றது. இன்னும் அழுத்தினேன். அசையவில்லை. மற்ற இரண்டும் அப்படியே. நான் நிமிர்ந்தபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

“இரும்பு இருக்கு, அக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றீர்கள். தெரிந்திருக்க வழியே இல்லை.

டர்பன்டைனால் துடைத்து, சுவர்ச் சூட்டில் காயவைத்து, தொழிற்சாலைக் கூரைக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டை முதல் பூச்சாகப் பூசினோம். மேலே பூசக் கறுப்பு வேண்டும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு வைத்திருந்த பெயிண்ட்தான் கிடைத்தது. அதற்குப் பளபளப்பு கிடையாது. நாம் தொட்ட இடமெல்லாம் மங்கலாக, வெளிப்படையாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில், தோட்டமே வண்டியைச் சுற்றி நின்றது. துரை மங்கல் திட்டுகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

“கரும்பலகைப் பெயிண்ட், துரை. டீச்சர் இனிமே வண்டியிலேயே பாடம் நடத்தப் போறாங்க” என்றார் கிராணி. கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. துரை பேனாக்கத்தியை எடுத்து, பானெட்டின் நடுவில் பொட்டு இருந்த இடத்தில் சுரண்டினார். கறுப்பு போய்ச் சிவப்பு வந்தது. சிவப்பு போய் வெள்ளை இரும்பு வந்தது. கத்தி முனையை அழுத்தினார். பிறகு மட்கார்டுகள், கதவுகள். எல்லா இடத்திலும் கத்தி நின்றது. முனியனை எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். ஒரே சுற்றில் கிளம்பியது.

“சரி. இந்த வண்டி இருக்கட்டும்” என்றார். என்னைப் பார்த்து, தாம் சுரண்டிய இடத்தை மூடிவிடச் சொன்னார்.

பால்வாளிகளைத் தட்டிப் பெண்கள் எழுப்பிய சத்தத்தில், ரப்பர் காட்டிலிருந்த குருவிகள் எல்லாம் கிளம்பின. நீங்கள் கூட்டத்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னீர்கள்: “கேட்டுக்குங்கடி, வண்டி இருக்குது. எவளும் லோரியிலே ஏற வேணாம்!”

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்கண்ணாடியில் பொட்டு வைக்கச் சொன்னீர்கள். மாலைக்குக் கம்பி போய்ப் பருத்திக் கயிறு வந்தது. “கண்ணாடி துருப்பிடிக்காது, டீச்சர். சாமிக்கும் முன்னாடி பாதை தெரியணும்லே?” என்றீர்கள். சாமிக்குப் பாதை தெரிகிறதா என்பதில் எனக்கு இன்றும் கருத்து இல்லை. ஆனால் வேறு தோட்டங்களின் வண்டிகளிலும் பிறகு கண்ணாடியில் பொட்டு பார்த்தேன். அது உங்களிடமிருந்து பரவியதற்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்து, இன்னும் என்னிடம் இருப்பது பக்தி இல்லை. பயப்படும் இடத்தைத் துடைத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் தைரியம்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் துரையோடு முடித்துவிடுவீர்கள். நான் மறுநாளோடு முடிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலைக்கு வலி கண்டது. பலகையில் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்து, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். கேட்டருகில் காத்திருந்த வண்டி வரிசையின் கடைசியில் முனியன் காரைச் சேர்த்தான். ஏற்றம் தொடங்கியதுமே மழை பிடித்தது. பாதிவழியில் முன்னால் போன லோரி ஒன்று சூடேறி நின்றது. காவல் வண்டியிலிருந்த மலாய்ப் போலீஸ்காரர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்து, உங்கள் காரை மட்டும் முன்னால் விட்டு, தாமும் கூடவே வந்தார். வழியில் யாரும் சுடவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஆபீஸில் போன் அடித்தது. கிராணி எடுத்து, “ஆமா மிஸ்ஸி, இங்கதான் நிக்கிறாங்க” என்று என்னிடம் நீட்டினார்.

“டீச்சர்” என்றீர்கள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. வண்டியும்தான்.”