பெரியவள் பேசுவதில்லை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், கை வரவில்லை. சின்னவன் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. பயப்படாதே, மணிக்கட்டோடு நின்றது, கொப்புளம் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

பெரியவளின் பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வு நடந்தது. கண்ணால் பார்த்த சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு லாரி டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து நம் தண்ணீர்த் தொட்டியை இடித்த கதையைச் சொன்னாளாம். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம், டீச்சர் உட்பட. சிரித்து முடித்துவிட்டு ஃபெயில் போட்டுவிட்டார். காரணம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாளாம்.

போய்க் கேட்டேன். "நான் என்னங்க பண்றது? பேச்சு வழக்குல சொன்னா மார்க்கைக் குறைக்கணும்னு மேலேருந்து உத்தரவு. உங்க தங்கச்சி இருக்கிற பாடத்திட்டக் குழுதானே அதை எழுதிக் கொடுத்துச்சு" என்றார். பெருமைப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

உன்னிடம் போனில் கேட்டதற்கு, "நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல பிள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க்கா" என்றாய். அதை எந்தப் பேச்சில் சொன்னாய் என்று யோசித்துப் பார். நல்ல தமிழைக் கற்றுக்கொடு, யார் வேண்டாம் என்றார்கள்? அதற்குப் பிள்ளையின் வாயையா தைப்பது?

அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மறுதேர்வு இருக்கிறதாம். சாப்பாடு கேட்பதற்குக்கூட மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கிவிட்டுத்தான் வருகிறாள். வாயாடி என்று நீதானே அவளுக்குப் பட்டம் வைத்தாய்? வந்து பார்.

நேற்று நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சின்னவன் வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டி இழுத்திருக்கிறான். கூடத்திலிருந்து அவள் பார்த்துவிட்டாள். ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும், நான் திரும்பியிருப்பேன். "அம்மா, தம்பி வெந்நீரை..." என்று நிதானமாக ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை சரியா தப்பா என்று நின்றாள். அதற்குள் கொட்டிவிட்டது.

ஏண்டி கத்தவில்லை என்று பிடித்து உலுக்கினேன். "தப்பா சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துச்சும்மா" என்றாள். பச்சைப் பிள்ளைக்கு வருகிற பயமா இது? நீயும் உன் குழுவும் நாசமாய்ப் போங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது.

மாசமாக இருக்கிறவளைத் திட்டாதே என்று உன் அத்தான் சொல்கிறார். சரி, இத்தோடு நிறுத்துகிறேன். அந்த உத்தரவை நீங்கள்தான் எழுதினீர்கள், நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் கொடுக்கிறேன். அவள் எப்படிச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேள். ஒன்றுமே சொல்லாவிட்டாலும் வைத்துவிடாதே.

உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை வாய் ஓயாமல் பேசட்டும்.

அக்கா