சந்திர சபையில் ஒரு நாற்காலி

மாசாணியம்மன் துணை

கோயமுத்தூர்,
20-10-1960

அன்புள்ள அய்யனுக்கும் ஆத்தாளுக்கும், மகன் அங்கப்பன் வணங்கி எழுதுவது. நான் சுகம். தங்கச்சி தெய்வாத்தாள் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். அண்ணன் பெருமையடிக்கிறான் என்று பாதியை விழுங்க வேண்டாம்.

சந்திரலோகப் படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். முதல் பாகத்தில் நான் முகமூடி போட்ட அடிமையாக வந்து ஏழு தடவை செத்தேன். ஒரு சாவில்கூட ஆத்தாளுக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியில் அடிமைகள் ராஜாவை ஜெயித்தார்கள் அல்லவா? இப்போது அங்கே ஓட்டுப் போட்டுச் சபை அமைக்கிறார்கள். விடுதலையானவர்களின் பிரதிநிதி நான்தான். முகமூடி கிடையாது. தோற்ற ராஜாவும் அந்தச் சபையில் இருக்கிறார்; அவருக்குச் சமமாக எனக்கும் நாற்காலி, தோளில் வெள்ளிச் சரிகைத் துண்டு, மூன்று வரி வசனம். அது முடிந்ததும் எதிரி ராக்கெட்டின் மேல் பாய்ந்து சண்டை. சண்டைக்கு நான் பயப்படவில்லை, நாற்காலிக்குத்தான் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் காட்சி. கேமரா ஓடும்போது, நம் பண்ணைக்காரர் அரங்கசாமி உள்ளே வந்தார். இந்தப் படத்துக்கு அவரும் ஒரு பங்குதாரராம். என்னை அறியாமல் எழுந்து, சரிகைத் துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் டைரக்டர் வெங்கடபதியிடம், “ஏனுங்க, இவன் எங்க பண்ணையாளு மாசாணத்து மகனுங்க. நின்னுட்டே பேசட்டுமுங்க, அதுதான் பொருத்தமா இருக்குது” என்றார்.

நான் டைரக்டரிடம், “நான் நின்னா, போன படத்துல ஜெயிச்சது பொய்யின்னு ஆயிருமுங்க. உக்கார வைக்க முடியாதுன்னா முகமூடியக் குடுத்துருங்க, மறுபடியும் செத்துப்போடறேன்” என்று சொல்லிவிட்டேன்.

 வெங்கடபதி, கதைப்படி இவன் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லி, மறுபடி எடுத்தார். பண்ணைக்காரர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வரியையும் உட்கார்ந்தபடி சொன்னேன். துண்டைத் தோளைவிட்டு எடுக்கவில்லை. காட்சி முடிந்ததும் அவர் காரேறிப் போய்விட்டார்.

உங்களைக் களத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தாலும் விசாரிப்பார். வேலைக்கு வர வேண்டாம் என்றால் கலங்க வேண்டாம். இங்கே ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று பேரும் வந்துவிடுங்கள். எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆத்தாளின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி, ஊருக்கு வரும் மயில்சாமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

சித்திரையில் படம் ஆனைமலைக் கொட்டகைக்கு வரும். முதல் நாள் பண்ணைக்காரரும் வருவார். நீங்களும் போங்கள், தரையில் வேண்டாம், பெஞ்சில் உட்காருங்கள். நான் அந்த நாற்காலியில் உட்காரும்போது அவர் கட்டாயம் உங்களைப் பார்ப்பார். எழுந்துவிடாதீர்கள், அய்யா. துண்டு தோளிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகன்,
மா. அங்கப்பன்