சபைக்கு வெளியே உயர்ந்த கைகள்

அண்ணை,

உங்கள் மகள் நேற்றுப் பின்னேரம் கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு காட்போட் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, அப்பாட புக்ஸ். இது இனி வீட்டில இருக்கக் கூடாதாம், உங்களிட்டக் குடுக்கட்டாம் எண்டு அம்மா சொன்னவ" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைத் திறந்தேன். ஒக்லண்ட் ஈரத்தில் ஊறிய பூஞ்சண நாற்றம் மூக்கில் அடித்தது. மேலேயே கிடந்தது அந்தத் தடித்த புத்தகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல் விடாமல் அச்சடித்த ஹன்சார்ட். அந்த நாற்றம் பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்துப்போன மனிதரோடு நேரே சண்டை பிடிக்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன், நினைவிருக்கிறதா? ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நானும், நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் மனைவியும் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றோம். நீங்கள் தட்டுமுட்டுச் சாமான் விற்ற ஒரு கிழவரின் முன்னால் குந்தியிருந்தீர்கள். புத்தகத்தோடு ஒரு பித்தளைக் கைமணியும் வாங்கினீர்கள். காருக்குள் ஏறியதும் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

"இதைக் கேளும் பிள்ளை. ஜப்பான்காரன் வாசலுக்கு வந்திட்டான். எண்டாலும் பாரும், மனுசர் முதல் வேலையாப் பிரார்த்தனை வாசிக்கினம். பிறகு மனுக்கள். பிறகு கேள்வி நேரம். ஒரு ஆள் உருளைக்கிழங்கைப் பற்றிக் கேக்கிறார். இன்னொருத்தர் தன்ர ஊர்த் தபால்கந்தோர் மணிக்கூடு ஓடேல்லை எண்டு முறையிடுறார். அமைச்சர் எழும்பி, விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு மரியாதையாப் பதில் சொல்லுறார். குண்டு விழுந்தாலும் ஒழுங்கு குலையேல்லை. இதெல்லோ நாகரிகம்!"

அக்கா பின்சீட்டிலிருந்து, "உருளைக்கிழங்கு கிடைச்சுதாமோ?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

கொழும்பில் பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, மற்றவர்கள் பேசியதை வருஷக்கணக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்கள் சொந்தச் சொல் ஒன்றுகூட அந்தச் சபையில் ஏறவில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் வீட்டை எரித்தபோது அந்தக் கூண்டும் போயிற்று, கூண்டுக்கு இருந்த மரியாதையும் போயிற்று. இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். உங்களை விட இருபது வயது குறைந்த போர்மன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதெல்லாம் எனக்கு விளங்கும். விளங்குகிறது என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாற்பது உறுப்பினர் உள்ள எங்கள் சங்கத்துக்கு நீங்கள் தலைவரானதும், மாதத்தில் ஒரு ஞாயிறு ஏவன்டேலில் வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம் பாராளுமன்றமாகிவிட்டது. கதிரைகளை எதிரும் புதிருமாக இரண்டு பக்கமும் போட்டீர்கள். எதிர்க்கட்சி இல்லாத சங்கத்துக்கு எதிர்க்கட்சி வரிசை! சமையலறைப் பக்கம் இரண்டு கதிரைகளுக்கு நடுவே உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றைக் கட்டி, அதற்கு இங்கால்தான் சபை, அங்கால் சபைக்கு வெளியே என்றீர்கள். வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். மணி நின்றதும் வாசற்கதவும் சமையலறைக் கதவும் பூட்டப்படும். சபை முன் வைக்கும் எந்தப் பிரேரணைக்கும் ஏழு நாள் முன்னறிவித்தல் எழுத்தில் வேண்டும். கண்டறியாத சபை! ஆனால் உண்மையைச் சொன்னால், முதலில் எங்களுக்கும் அது பிடித்திருந்தது. கிழமை முழுவதும் பாத்ரூம் கழுவுகிறவளை நீங்கள் 'மதிப்புக்குரிய உறுப்பினர்' என்று கூப்பிடும்போது உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது.

எண்பத்தாறு குளிர்காலம். என் தம்பி குகன் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளித்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன் என்றாலே பொலிஸும் ஆமியும் பிடித்துக்கொண்டு போகிற காலம். வெள்ளிக்கிழமை நான் விசா அலுவலகத்துக்குப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் எனக்கு ஒரு வழி சொன்னாள். ஒரு சமூக அமைப்பு அவனுக்கு வீடும் வேலையும் பார்த்துத் தருவதாகப் பொறுப்பெடுத்து எழுதிக் கொடுத்தால், அவசரமாக எடுத்துப் பார்ப்பார்களாம். ஒரே ஒரு கடிதம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு நாளில் சங்கக் கூட்டம் இருக்கிறதே, கடவுளே என்று நினைத்தேன்.

அன்று மழை. மண்டபத்தில் ஆள் குறைவு. என் மனுசன் பாக்டரியில் ஷிப்ட். போன கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டது. அதில் ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம். பிறகு கேள்வி நேரம். தேத்தண்ணி போடும் பாத்திரம் ஒழுகுகிறதே, அதற்குத் தலைவர் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று ஒருவர் கேட்டார். விசாரித்துச் சொல்வதாக நீங்கள் எழுந்து பதில் சொன்னீர்கள். உங்கள் முகம் எப்படி மலர்ந்திருந்தது தெரியுமா! தீபாவளி ஒன்றுகூடலைச் சனி வைப்பதா ஞாயிறு வைப்பதா என்பதில் மட்டும் முக்கால் மணித்தியாலம் போயிற்று. நான் கதிரை நுனியில் இருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடைசியில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நீங்கள் முழுதும் கேட்டீர்கள். பிறகு, "மதிப்புக்குரிய உறுப்பினரின் கவலையை இந்தச் சபை உணர்கிறது. ஆனால் இது பிரேரணை. முன்னறிவித்தல் இல்லை. அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளலாம்" என்றீர்கள்.

"அண்ணை, அடுத்த மாசம் வரைக்கும் அவன் அங்க எப்பிடி இருக்கிறது? ஒரு கடிதம்தானே, நீங்கள் ஒப்பம் வைச்சாக் காணும்."

"சபையின் தீர்மானம் இல்லாமல் தலைவர் ஒப்பமிட முடியாது. அமருங்கள்."

அப்போது எழுந்தவர் சுப்ரா. பினாங்கிலிருந்து வந்தவர், உங்கள் எதிர்க்கட்சி வரிசையில் எப்போதும் தூங்குகிறவர். "சார், ஒரு பையன் உயிரு சார். ரூல்ஸ கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்லா?" என்றார். உங்களுக்குக் கோபம் வரவில்லை. இன்னும் உற்சாகமாகிவிட்டீர்கள். சபை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்த வழி இருக்கிறது, ஆனால் வந்தவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், இருபத்தொரு கை என்று விளக்கினீர்கள். மணியை எடுத்து அடித்தீர்கள். கதவைப் பூட்டச் சொன்னீர்கள்.

எல்லாக் கையும் உயர்ந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை, அண்ணை. நீங்கள் விரலை நீட்டி நீட்டி எண்ணினீர்கள். பதினெட்டு. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பைகளை நீட்டுகிற சமையலறை ஜன்னல் வழியாக ஐந்து கைகள் உயர்ந்து நின்றன. உங்கள் சபைக்கு வடை சுட்டுக்கொண்டிருந்த பெண்கள், எல்லாரும் சந்தா கட்டிய உறுப்பினர்கள். மாவு ஒட்டிய கைகள். அதில் ஒன்று அக்காவின் கை. அந்தச் சிவப்பு வளையலை நீங்களும் பார்த்தீர்கள், நான் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"சபைக்கு வெளியே நிற்பவர்களின் கைகளை எண்ண முடியாது" என்றீர்கள்.

"நான் உள்ளுக்கு வாறன், கதவைத் திறவுங்கோ!" என்று அக்கா ஜன்னலுக்குள்ளால் கத்தினார்.

"மணி நின்றுவிட்டது. பிரேரணை தோற்றது."

சுப்ரா கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். நீங்கள் 'ஒழுங்கு, ஒழுங்கு' என்று மணியை அடித்தீர்கள். அடுத்த விடயம் எடுக்கப்பட்டது. தேத்தண்ணி நேரம் வந்தது. எண்ண மறுத்த அதே கைகள் நீட்டிய கோப்பையை வாங்கி, சீனி காணாது, இன்னொரு கரண்டி என்றீர்கள். உங்களை வெறுக்க அது ஒன்றே எனக்குப் போதும்.

அதற்கு மேல், மழை என்று சொல்லி என்னைக் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அக்கா முன்சீட்டில் கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை, மனசில வைச்சிருக்காதையும். இண்டைக்கு உமக்காக விதியை வளைச்சா, நாளைக்கு ஒருத்தனும் எங்களை மதிக்க மாட்டான். ஒழுங்கு இல்லாத சனம் எண்டுதானே எங்களை அடிச்சுக் கலைச்சவங்கள்" என்றீர்கள். ஒழுங்கு இல்லாததாலா எங்கள் வீடுகளை எரித்தார்கள்? நீங்கள் உண்மையாகவே அப்படித்தான் நம்பினீர்கள். இறங்கும்போது நன்றி சொன்னேன். பழக்கதோஷம்.

குகனுக்குப் போன் எடுத்து அடுத்த மாதம் வரைக்கும் பொறு என்றேன். பொறுத்துப் பார்த்தான். லொட்ஜில் பக்கத்து அறைப் பெடியனைப் பிடித்ததும் பயந்து, ஊரில் அம்மாவோடு இருக்கலாம் என்று பஸ் ஏறினான். வழியில் காட்டுப் பக்கம் பஸ்ஸை மறித்து இளம் பெடியன்களை இறக்கினார்களாம். மற்றவர்களை ஏறிப் போகச் சொன்னார்களாம். வெடிச் சத்தம் கேட்டதாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் போயிருந்தாலும் அவன் தப்பியிருப்பானோ, யாருக்குத் தெரியும். தப்பியிருக்க மாட்டான் என்று என்னால் நிச்சயமாக நம்ப முடிந்திருந்தால், நான் இரவில் படுத்ததும் நித்திரை கொள்வேன்.

அடுத்த அமர்வுக்கு நான் வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பார்க்க வந்தேன். கறுப்புக் கோட்டு போட்டிருந்தீர்கள். மணி அடித்துச் சபை கூடியதும், அறிக்கை வாசிக்க முன்னரே எழுந்தீர்கள். "மதிப்புக்குரிய உறுப்பினரின் சகோதரர் செல்வன் குகன் மறைவு குறித்து அனுதாபப் பிரேரணை. இதற்கு முன்னறிவித்தல் தேவையில்லை" என்றீர்கள்.

தேவையில்லையாம்! அந்த ஆஸ்திரேலியச் சபையிலும் அப்படித்தானாம், அனுதாபத்துக்கு மட்டும் எல்லா விதியும் விலகி வழி விடுமாம், அதையும் விளக்கினீர்கள். உயிரோடு இருந்தபோது ஏழு நாள் காத்திருக்க வேண்டியவன், செத்ததும் முதல் விடயமாக முன்னுக்கு வந்துவிட்டான். நல்ல தமிழில் பேசினீர்கள். இளங்குருத்து என்றீர்கள், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றீர்கள். சமையலறைப் பெண்களையும் கயிற்றைத் தாண்டி உள்ளே கூப்பிட்டீர்கள். அன்றைக்கு அவர்களும் சபைக்குத் தேவைப்பட்டார்கள்.

"உறுப்பினர்கள் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கவும்."

நான் எழவில்லை. நீங்கள் இன்னொரு தடவை சொன்னீர்கள். நான் உங்களையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நிமிடம் முடிந்ததும் மணியைத் தட்டி, "ஒருமனதாக நிறைவேறியது" என்றீர்கள். அதோடு நான் சங்கத்தை விட்டேன். அக்கா வாசல் வரை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்தாளோட ஒரே வீட்டில இருக்கவேணும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மூன்று வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கும் அனுதாபக் கூட்டம் நடந்தது. போன ஞாயிறு, அதே மண்டபம். சுப்ராதான் இப்போது தலைவர். கதிரைகள் கண்டபடி கிடந்தன, பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தார்கள், யாரும் யாரையும் அடக்கவில்லை. அக்காவுக்காகத்தான் போனேன். உங்களைப் பற்றிப் பலர் நல்லதாகக் கதைத்தார்கள். என்னையும் கதைக்கக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். பிறகு சுப்ரா, "எல்லாரும் ஒரு நிமிசம் எழுந்து நிப்போம்லா" என்றார்.

இந்த மூன்று வருஷத்தில் நான் எந்த மௌன அஞ்சலிக்கும் எழுந்ததில்லை. வேலையிடத்தில் எழவில்லை, கோவில் பூசையில் எழவில்லை. உங்களுக்கு எழுவேனா? எழாமல் இருக்கத்தான் போயிருந்தேன். எல்லாரும் எழுந்தபோது என் பக்கத்தில் இருந்த சின்ன மகள் என் கையை இழுத்து, "அம்மா, ஸ்டாண்ட் அப், எவ்ரிபடி இஸ் லுக்கிங்" என்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. அன்று அந்த ஒரு நிமிடம் முழுவதும் நான் உங்களை முறைப்பதிலேயே போய்விட்டது. என் தம்பியை நான் நினைக்கவே இல்லை. அவனுக்கென்று கிடைத்த ஒரே நிமிடத்தையும் நீங்கள்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

எழுந்தேன், அண்ணை. எல்லாரையும் போலத் தலையைக் குனிந்தேன். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார், உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் குகனை நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் என்னை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, கையை விட்டு ஓட்டிக் காட்டுவான். "டேய், விழப்போறம்டா!" என்று நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக மிதிப்பான். வீடு வந்ததும் அம்மாவிடம் சொல்லாதே அக்கா என்று தன் வறுத்த கச்சான் கடலையில் பாதியை என் கையில் கொட்டுவான். அந்தக் கச்சானின் சூடுவரை எல்லாம் வந்தது. சுப்ரா நன்றி சொல்லி உட்காரச் சொல்லும் வரை அவன் என்னோடு நின்றான்.

உங்களுக்காக எழுந்த சபையில் உங்கள் நிமிடத்தை நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு நொடிகூட உங்களை நினைக்கவில்லை.