புறங்கையில் ஒரு நட்சத்திரம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே. நான் நன்றாக இருக்கிறேன். வீடியோவில் பார்த்துப் பதறினாயே, அந்தக் கட்டு ஒரு குட்டிப்பெண் கடித்ததற்கு. ஆறிவிட்டது.

அவளைக் குருவி என்போம். ஆட்டிசம் உள்ள குழந்தை. நடத்தைப் பயிற்சி தரும் அக்கா, சொன்னதைக் குருவி செய்ததும் அவள் புறங்கையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார். உடனே அலறல், கடி. இப்படியே போனால் எங்கள் பயிற்சி மையத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

தொடுதலும் சத்தமும் குழந்தைகளை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதானே என் வேலை? என்னைக் கடித்த பிறகும் அவள் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அது அவளுக்குப் பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு."

"அடக் கடவுளே! சமத்தா இருந்ததுக்கா இவ்வளவு நாளா தண்டனை குடுத்தேன்?"

இப்போது இருவரும் சேர்ந்தே வகுப்பெடுக்கிறோம். லேசாகப் பட்டால்தான் அவளுக்கு ஆகாது, நன்றாக அழுத்தினால் பிடிக்கும். அதனால் ஸ்டிக்கருக்குப் பதில், அவளை மெத்தையில் படுக்கவைத்து, தலையணையால் முதுகை இதமாக அழுத்துகிறேன். நேற்று அவளே என் கையை இழுத்து முதுகில் வைத்துக்கொண்டாள். இனி அவளை அனுப்பும் பேச்சில்லை.

"எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா, வீட்டுல செய்யறேன்" என்றார் அவள் அம்மா. பழகிக்கொள்ளட்டும் என்று நானே மெத்தையில் படுத்தேன். அழுத்தினார். சரியாகத்தான் செய்தார். எனக்குத்தான் எழுந்திருக்க மனம் வரவில்லை.

வீட்டிலிருக்கும் அந்தக் கனமான போர்வையை அனுப்பேன். இங்கே குளிரில்லை. இருந்தாலும் அனுப்பு.

குருவி வந்துவிட்டாள், ஓடுகிறேன்.

உன் மகள்