வீரனுக்குக் கேட்ட வளைகாப்பு

எதிர் வீட்டில் யாரோ புங்க எண்ணெய் காய்ச்சுகிறார்கள். அந்த நெடி ஏறியதும் உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், நீங்கள் வீரனை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று. பாழாய்ப்போன மனசுக்கு நீங்கள் போனது இன்னும் உறைக்கவில்லை.

ஐம்பதுகளில், திருப்பாச்சூரில், நம் வீட்டுப் பிள்ளை என்றால் நம் நாய் வீரன்தான். குட்டியிலேயே அவனுக்கு ஒற்றை விதை. ஒற்றை விதைக் கடுவன் காவலுக்குக் கெட்டி என்று யாரோ சொல்ல, ஆசையாகத் தூக்கி வந்தீர்கள்.

வயதானதும் விலாவில் முடி கொட்டியது. சொறி என்று நினைத்து, புங்க எண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினீர்கள். முடி முளைக்கவில்லை. ஈன்ற பெட்டையைப் போல அவனுக்குக் காம்புகள் வீங்கின. தெருவிலுள்ள கடுவன்களெல்லாம் மோந்துகொண்டு அவன் பின்னால் சுற்றின. வாலை இடுக்கிக்கொண்டு உங்கள் காலுக்குள் வந்து நுழைவான், பாவம்.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னாமே, உங்க ஊட்டு நாய்க்கு வளைகாப்பு எப்போ?"

எனக்கு நடக்காத வளைகாப்பு. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்து அழுதேன். வளர்க்கிறவனும் அப்படித்தான், நாயும் அப்படித்தான் என்று ஆண்கள் சிரித்தார்களாம். குடும்பத்துக்கு ஆகாது, அடித்துப் போடு என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அதோடு டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டீர்கள்.

திருவள்ளூர் மாட்டாஸ்பத்திரிக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள், நானும் பின்னாலேயே வந்தேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கீழே இறங்காத விதை உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிட்டது, பெட்டைக்குச் சுரப்பது அதில் சுரக்கிறது, அதனால்தான் இந்தக் கோலம் என்றார். ரத்தம் செத்துப்போயிருக்கிறது, உடனே மெட்ராசுக்குக் கொண்டுபோய் அறுத்தால் ஒருவேளை பிழைக்கலாம் என்றும் சொன்னார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓடினோம். பிளாட்பாரத்திலேயே அவன் ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. உங்கள் கையை நக்கிக்கொண்டே அடங்கிப்போனான். வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. நீங்கள் அவனைக் கீழே வைக்கவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று உங்கள் தோளைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைக் கேட்டீர்கள்.

"பொறக்கும்போதே அப்டி. அவன் மேல இன்னாமே தப்பு?"

நாயை மட்டும் வைத்து நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சாகும்வரை நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

இப்போதும் யார் வீட்டுக் குட்டியைக் கண்டாலும் புரட்டி, அடிவயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். கிழவிக்குப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டும். உங்களுக்குச் சொல்லவேண்டிய பதில்தான் நெஞ்சிலேயே கிடக்கிறது. ஒரு தப்பும் இல்லைங்க. அவன் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. காதில் விழுகிறதா?